சிவப்புக்குள் விழுந்த சீதன வளவு

1

எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை என் மனைவி சமீமாதான் பிரிப்பாள். நல்ல செய்தி என்றால் வாசித்துச் சொல்வாள். கெட்ட செய்தி என்றால் என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சமையலறையில் ஏதோ வேலை கிடப்பதுபோல் போய்விடுவாள். போன செப்டம்பரில் ஒரு பகல், அதிகாலை பஸ்ஸை ஓட்டி முடித்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு கடிதம் இருந்தது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில் ஓர் ஆற்றோர ஊர். எங்கள் பகுதியின் வெள்ள வரைபடத்தைப் புதுப்பித்திருக்கிறார்களாம். இதுவரை வெள்ளையாக இருந்த எங்கள் தெரு இனி இளநீலத்துக்குள் வருகிறதாம். வீட்டை விற்கும்போது வாங்குகிறவரிடம் இதைச் சொல்ல வேண்டும், காப்புறுதிக்காரன் கேட்டால் மறைக்கக் கூடாது, ஆட்சேபணை இருந்தால் நூலகத்தில் நடக்கும் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம் என்று மூன்று பக்கம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பதினொரு வருடமாக அந்த ஆற்றின் ஓரமாகத்தான் பஸ் ஓட்டுகிறேன். அது என் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

அடுத்த வீட்டில் இருப்பவர் பீட்டர், ஓய்வு பெற்ற தச்சர். வேலிக்கு மேலால் தன் கடிதத்தை ஆட்டிக் காட்டினார். "எனக்கு இந்த ஆற்றை எழுபது வருடமாகத் தெரியும். அதற்கு என் விலாசம் தெரியாது" என்றார். மனிதர்கள் சொல்வதைச் சேர்த்துவைப்பது என் பழக்கம். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் இறங்குவதற்குள் ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடம் போய்ப் படித்ததைவிட அப்படிக் கேட்டுப் படித்ததுதான் அதிகம். பீட்டர் சொன்னதையும் சேர்த்துக்கொண்டேன்.

கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது கண்ணில் பட்டது உறையில் இருந்த விலாசம். முதலில் சமீமாவின் பெயர். அதற்குப் பிறகு என் பெயர். அதற்கொரு கதை உண்டு. இந்த வீட்டை வாங்கும்போது, மனைவியின் பெயரில் மட்டும் எழுதுங்கள் என்று சட்டத்தரணியிடம் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஏதாவது வழக்கிலிருந்து தப்பப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை, எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான் என்றேன். "அப்படியானால் ஆண்களுக்கு என்ன கிடைக்கும்?" என்றார். "இருக்க இடம் கிடைக்கும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கடைசியில் இரண்டு பெயரும் என்று முடிந்தது. ஐம்பது வயதுக்குக் கிட்டத்தில், முதன்முதலாக ஒரு வீட்டின் உறுதிப் பத்திரத்தில் என் பெயர் ஏறியது இங்கேதான்.

2

கல்முனையிலிருந்து தெற்கே போகிற கரையோர ஊர்க்காரர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. வெளியூர்க்காரர் யாரும் இதை வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மகள் பிறந்த அன்றே பெற்றோருக்கு ஒரு வீட்டு வேலை ஆரம்பமாகிவிடும். கலியாணத்துக்கு முன்னால் வீடு எழும்ப வேண்டும், உறுதி பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து குடியேறுவார். இந்தச் சீதனம் சரியா பிழையா என்று பள்ளிவாசல் மிம்பரிலும் பத்திரிகையிலும் எவ்வளவோ பேசியாயிற்று. பிழை என்பதுதான் என் எண்ணமும். ஆனாலும் அதன் விளைவு ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரில் வளவு என்கிற மனை நிலங்களும் வீடுகளும் பெரும்பாலும் பெண்களின் சொத்து. எங்கள் உம்மாவின் வீடு என் ராத்தா, மூத்த சகோதரி பௌசியாவுக்குப் போனது. எனக்கு ஊரில் ஒரு சாண் நிலம் கிடையாது. அதில் எனக்குக் குறையும் கிடையாது.

ராத்தாவுக்கு ஒரே மகள், ரிஸ்னா. அவளுக்கென்று ஊரின் மேற்குப் பக்கம், வயல்வெளி தொடங்கும் இடத்தில் ஒரு வளவு வாங்கி, வீடு கட்டத் தொடங்கியிருந்தார்கள். நான்கு அறைக்கும் சுவர் எழும்பி, ஓர் அறைக்கு மட்டும் கூரைத் தகரம் போட்டிருந்தது. மாப்பிள்ளையும் பேசி முடித்தாயிற்று. நவம்பரில் நிக்காஹ்.

இங்கே கடிதம் வந்த அதே கிழமை ராத்தா தொலைபேசி எடுத்தா. நான் டிப்போவில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.

"தம்பி, நம்மட வளவு சிவப்பாம்."

"என்ன சிவப்பு ராத்தா?"

"புது மெப் அடிச்சிரிக்காங்க. வெள்ளம் வாற இடமெல்லாம் சிவப்பு பூசி வெச்சிரிக்கி. சிவப்புக்க கிடக்கிற காணியில மேக்கொண்டு ஒரு கல்லும் வெக்க ஏலாதாம். கட்டின மட்டுக்கும் நிப்பாட்டட்டாம். கடுதாசி வந்திரிக்கி."

"கடுதாசி யார்ர பேருக்கு?"

ராத்தா கடதாசியை விரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "உங்கட மச்சான்ட பேருக்கு" என்றா.

"வளவு உங்கட பேர்லதானே?"

"ஓம். உறுதி என்ட பேர்ல. கிணறு என்ட பேர்ல. அதுக்க நிக்கிற முருங்க மரம்கூட என்ட பேர்லதான் நிக்கிது. கடுதாசி மட்டும் அவர்ர பேர்ல."

3

மச்சான் அலியார், ராத்தாவின் கணவர், சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் நெல் மூட்டை எடை நிறுத்து ஓய்ந்தவர். நல்ல மனிதர். யாராவது ஒரு கடதாசியை நீட்டினால் கையெழுத்து வைக்காமல் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்று நினைக்கிறவர். அடுத்த நாள் அவரைப் பிடித்தேன்.

"மச்சான், உங்களுக்கு ஏன் கடுதாசி வந்த?"

"கூட்டத்துக்குப் போனன் மச்சான். அதான்."

"என்ன கூட்டம்?"

"பள்ளிவாசல்ல அறிவிச்சாங்க. வெள்ளம் வாற காணிச் சொந்தக்காரரெல்லாம் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்து பதியட்டாம் எண்டு. அசர் தொழுதிட்டு அப்படியே எல்லாரும் போனம்."

"எதுக்குப் பதியிறதெண்டு கேட்டீங்களா?"

"வெள்ளத்துக்குப் பேர் எழுதினா எதுக்கு எழுதுவாங்க மச்சான்? நிவாரணத்துக்குத்தான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் சொல்வதில் என்ன பிழை? எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு மாரிக்கும் தண்ணீர் ஏறும். தண்ணீர் வடிந்ததும் கிராம அலுவலர், எங்கள் விதானையார், கொப்பியோடு வருவார். யார் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, எவ்வளவு வந்தது என்று எழுதுவார். எழுதப்பட்டவர்களுக்கு அரிசி, மா, சீனி, பாய். எழுதப்படாதவர்களுக்குச் சண்டை. வெள்ளப் பட்டியல் என்றால் நிவாரணப் பட்டியல் என்று அந்த ஆண்களுக்கு வருடக்கணக்காகப் படிப்பித்துக் கொடுத்தது அரசாங்கம்தான். வேறு எந்த நல்லது கெட்டதுக்கும் வெள்ளத்தைப் பற்றி அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆகவே கூட்டத்தில் நடந்தது இதுதான். பெரிய வரைபடமொன்றைச் சுவரில் தொங்கவிட்டு, கறுப்புப் பேனையால் போட்ட கோடொன்றைக் காட்டி, இதற்குள் யார் யார் காணி என்று கேட்டிருக்கிறார்கள். கோட்டுக்குள் இருந்தவர்கள் சந்தோசமாகக் கையை உயர்த்தினார்கள். கோட்டுக்கு வெளியே விட்டுப்போனவர்கள் ஆவேசப்பட்டார்கள். எங்களை ஏன் விட்ட, நாங்க என்ன மலையிலயா இரிக்கம் என்று ஒருவர் எழும்பிக் கத்தினாராம். கிணறுகூட நிரம்பாத வளவுக்காரர் இடுப்பளவு தண்ணீர் என்றாராம். எங்கள் வளவும் முதலில் கோட்டுக்கு வெளியேதான் இருந்திருக்கிறது. மச்சான் முன்னால் போய், விரலால் தொட்டுக் காட்டி, எங்களுக்கும் முழங்காலளவு வரும், போடுங்க என்றிருக்கிறார்.

"முழங்காலளவா வாற மச்சான்?"

"கரண்டைக்கால்தான் நனையும். கரண்டைக்காலுக்கு என்னத்த தருவானுகள்?"

அந்த முழங்கால்தான் இப்போது வரைபடத்தில் இருக்கிறது. ஊர் மக்களே தந்த தகவல் என்று கீழே குறிப்பும் போட்டிருக்கிறார்கள். வந்தவர்கள் கையெழுத்திட்ட தாளுக்குத் தலைப்பு, காணி உரிமையாளர்கள். அந்தத் தாளில் இருந்த ஆண்களில் தன் பெயரில் ஒரு வளவு உள்ளவர் எத்தனை பேர் என்று மச்சானிடம் கேட்டேன். அவர் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். நினைத்துப் பார்க்கப் பார்க்கக் குரல் இறங்கியது. "நான் அறிய ஒருத்தரும் இல்ல" என்றார்.

எனக்கு மச்சானோடு கோபமில்லை. கூட்டத்தை நடத்தியவர்களோடுதான் கோபம். அவர்களும் இந்தக் கரையோரத்தில் சோறு தின்கிறவர்கள்தானே? இங்கே வளவு யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாதா? அவர்களில் பாதிப் பேர் மனைவியின் சீதன வீட்டிலிருந்து எழும்பித்தானே அன்றைக்கு வேலைக்கு வந்திருப்பார்கள்? தண்ணீர் எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு, இது அரிசிக்கு இல்லை, இதனால் உங்கள் காணியில் கட்ட முடியாமல் போகும் என்று சொல்ல வாய் வரவில்லையா? சொல்லியிருந்தால் அந்த மண்டபத்தில் ஒரு முழங்காலும் நனைந்திருக்காது.

4

ராத்தா உறுதியைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு, கடிதம் அனுப்பிய அலுவலகத்துக்குப் போனா. முதல் நாள், பொறுப்பானவர் இல்லை என்றார்கள். இரண்டாம் நாள், பொறுப்பானவர் இருந்தார்.

"உங்கட ஹஸ்பண்ட வரச்சொல்லுங்க. அவர்தானே உரிமையாளரெண்டு கையெழுத்து வெச்சிரிக்காரு."

"அவரு வருவாரு. வந்து என்னத்த சொல்லுவாரு? அந்த வளவில அவருக்கு ஒரு செங்கல்லுக்கும் உரிமையில்ல. இந்தா உறுதி."

"அது சரி. ஆனா லிஸ்டில அவர்ர பேர்தானே இரிக்கி."

"லிஸ்ட எழுதினது நீங்க. உறுதிய எழுதினது நொத்தாரிசு. எது பெரிசு?"

மூன்றாம் நாள் மச்சானையும் கூட்டிக்கொண்டு போனா. அப்போதும் கேள்வியெல்லாம் மச்சானிடம்தான். மச்சான் ஒவ்வொரு கேள்விக்கும் ராத்தாவைப் பார்ப்பார். ராத்தா பதில் சொல்வா. அலுவலர் மறுபடி மச்சானைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கேட்பார். ஒரு மணித்தியாலம் இப்படிப் போனதாம். "நான் ஒரு கண்ணாடி நிக்கிறமாதிரி, எனக்குள்ளால அவர்ர முகத்தப் பாத்துக் கதைக்கான்" என்று ராத்தா சொன்னா.

எனக்குப் பொறுக்கவில்லை. இங்கேயிருந்து அந்த அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். என் மகள் ஹனாதான் பிழை திருத்தினாள். அவளுக்குப் பதினேழு வயது. தமிழில் கேட்பாள், ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கலியாணத்தையும் காணியையும் பற்றி நான் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, "மாமியின் மகளுக்கு வீடு இருந்தால்தான் மாப்பிள்ளை வருவாரா? அவருக்குக் கூச்சமில்லையா?" என்றாள். நானும் ஒரு பெட்டியோடு சமீமாவின் வீட்டுக்குப் போனவன்தான். சமீமா சமையலறையிலிருந்து, "வாப்பாட்ட கேளு, பெட்டிக்குள்ள என்ன இருந்ததெண்டு" என்றாள். அந்தக் கதையை இங்கே எழுதத் தேவையில்லை.

ஆனால் அதே பிள்ளைதான் உருப்படியான ஒன்றைச் செய்தாள். வானத்திலிருந்து எடுத்த படங்களை வருட வரிசையில் கணினியில் பார்த்துக்கொண்டே போனவள், என்னைக் கூப்பிட்டுத் திரையில் விரலை வைத்தாள். பழைய படங்களில் வயலிலிருந்து ஒரு வாய்க்கால் தெளிவாக இறங்கி, ரோட்டுக்குக் கீழால் போய், கடலுக்கு வழியான தோணாவில் விழுகிறது. பிறகு ஒரு வருடம் ரோட்டோரத்தில் ஒரு மண் திட்டு. அடுத்த வருடம் அதன்மேல் ஒரு பெரிய கூரை. வாய்க்காலைக் காணவில்லை.

அது ஒரு திருமண மண்டபம். வயல் ஓரத்தை வாங்கி, லொறி லொறியாகக் கிறவல் மண் கொட்டி நிரப்பி, ஆள் உயரத்துக்கு மேடாக்கிக் கட்டியது. வாய்க்கால் இருந்த இடத்தில் ஒரு குழாயைப் புதைத்துவிட்டார்கள். ராத்தாவின் வளவில் கரண்டைக்கால் நனையத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

புதிய வரைபடத்தில் அந்த மண்டபம் எந்த நிறம் என்று பார்த்தேன். வெள்ளை. மேட்டில் இருக்கிறது, ஆகவே தண்ணீர் ஏறாது, ஆகவே அபாயமில்லை. தண்ணீரை மறித்தவன் வெள்ளை. அவன் மறித்த தண்ணீரில் நனைகிறவள் சிவப்பு. அவன் இன்னும் ஒரு மாடி கட்டலாம். அவள் ஒரு கல் வைக்கக் கூடாது. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அளக்கத் தெரிந்தவர்களுக்கு, ஏன் நிற்கிறது என்று கேட்கத் தெரியாமல் போனதா? இரவல் மூளையால் செய்த வேலைகூட இதைவிட நேர்மையாக இருக்கும்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாளே பதில் வந்தது. மூன்று முறை நேரில் போய் நின்ற என் ராத்தாவுக்கு ஒரு கதிரை காட்டாதவர்கள், கடலுக்கு அப்பாலிருந்து ஆங்கிலத்தில் எழுதிய எனக்கு மூன்று நாளில் பதில் எழுதினார்கள். தொடக்கமே, அன்புள்ள காணி உரிமையாளர் அவர்களுக்கு என்றுதான். ஊரில் ஒரு சாண் நிலமில்லாத என்னை உரிமையாளராக்கிவிட்டார்கள். கீழே ஒரு வரி மட்டும் பிரயோசனமாக இருந்தது. மறுபரிசோதனைக்கு விண்ணப்பிக்கலாம், அலுவலர்கள் வந்து பார்ப்பார்கள்.

விண்ணப்பத்தை ராத்தா தன் பெயரில் எழுதி, உறுதியின் பிரதியை வைத்து, கையெழுத்திட்டுக் கொடுத்தா. மாரி தொடங்கியதும் வருவோம் என்றார்கள்.

5

இங்கே நூலகத்தில் நடந்த கூட்டத்துக்கும் போனேன். இங்கே எல்லாம் தேன் என்று எழுதுகிற ஆள் நான் இல்லை. காப்புறுதிக்காரன் நீலத்தை மோப்பம் பிடித்துவிட்டான், அவன் கதை தனிக் கதை. கூட்டத்திலும் கத்தல்தான். பீட்டர் தன் கொட்டிலின் கதவையே கழற்றிக்கொண்டு வந்திருந்தார். அதில் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தண்ணீர் எங்கே நின்றது என்று அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து பென்சிலால் கோடு போட்டிருந்தது. எல்லாக் கோடுகளும் கதவின் கீழ் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. மடிக்கணினியோடு இருந்த பெண் அலுவலர் எழும்பி வந்து, தரையில் முழந்தாளிட்டு, நாடாவால் ஒவ்வொரு கோட்டையும் அளந்து எழுதிக்கொண்டார். பிறகு சமீமாவைப் பார்த்து, உங்கள் வீட்டு வாசல்படி தெருவிலிருந்து எவ்வளவு உயரம் என்று கேட்டார்.

சமீமாவைத்தான் கேட்டார். உறையில் முதலாவதாக இருந்த பெயர் அவளுடையது.

"எனக்குத் தெரியாதே" என்று அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியாது. தினமும் அந்தப் படியில்தான் கால் வைக்கிறோம். வெட்கமாகப் போயிற்று. வீட்டுக்கு வந்து அளந்து அனுப்பினோம். எங்கள் தெரு இன்னும் நீலம்தான், பீட்டரின் வீடும் நீலம்தான். ஆனால் அந்தப் பெண் முழந்தாளிட்டது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு ஊர்க் கோபம் இன்னும் கூடியது.

6

சிவப்பு என்ற செய்தி மாப்பிள்ளை வீட்டுக்கு ராத்தா சொல்லுமுன்பே போய்விட்டது. மாப்பிள்ளையின் உம்மா வந்து, தேத்தண்ணி குடித்து, வெற்றிலை போட்டு, எழும்பும்போது சொன்னாவாம்:

"நாங்க பெருசா ஒண்டும் கேக்கல்ல. மகனுக்குச் சிவப்பில்லாத வீடொண்டு இருந்தாப் போதும்."

ராத்தா அதைச் சொன்னபோது நான் கொதித்தேன். வேறு மாப்பிள்ளை பாருங்கள், ரிஸ்னா படித்த பிள்ளை, என்ன அவசரம் என்று கத்தினேன். தூரத்திலிருந்து கத்துவது லேசு. ரிஸ்னா தொலைபேசியை வாங்கி, "மாமா, எனக்கு அவரப் புடிச்சிரிக்கி. அவரு ஒண்டும் கேக்கல்ல, அவர்ர உம்மாதான்" என்றாள்.

ராத்தா முடிவெடுக்க இரண்டு நாள் எடுத்தா. தான் இருக்கும் வீட்டை, எங்கள் உம்மா தந்த வீட்டை, ரிஸ்னாவின் பெயருக்கு எழுதினா. ஊர் நடுவில் இருக்கிற வீடு, ஒரு நிறமும் பூசாத வீடு. தானும் மச்சானும் வயலோரத்து அரைகுறை வீட்டில், தகரம் போட்ட அந்த ஓர் அறையில் போய் இருப்பது என்று தீர்மானித்தா.

"ராத்தா, அந்த வீட்டுக்குக் கதவே இல்லையே."

"பலகை அடிச்சிரிக்கம்."

"மாரிக்குத் தண்ணி வருமே."

"கரண்டைக்கால்தானே வரும். உங்கட மச்சானுக்குத்தான் முழங்கால்."

பின்னால் மச்சான் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் அன்றைக்குச் சிரித்ததை நான் மன்னித்தேன், ஏனென்றால் அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

நிக்காஹ் சிறப்பாக நடந்தது. நான் போகவில்லை, லீவு கிடைக்கவில்லை. ஒரு கலியாணத்துக்கு வீடு கொடுப்பது என்றால் எங்கள் பெண்கள் இப்படித்தான். மகளுக்கு வீடு வேண்டும் என்றால் தாய் தன் வீட்டிலிருந்து எழும்பிவிடுவாள், குசினியில் படுப்பாள், கொட்டில் போடுவாள். பெரும் தியாகம் என்று ஆண்கள் நாங்கள் மெச்சிவிட்டு மாப்பிள்ளைச் சோறு தின்போம். இந்த முறை அந்த எழும்பலுக்குக் காரணம் சீதனம் மட்டும் இல்லை. ஒரு சுவரில் தொங்கிய கடதாசி, ஒரு கறுப்புப் பேனை, பதில் சொல்லத் தகுதியில்லாதவர்களிடம் கேட்ட ஒரு கேள்வி. வரைபடம் வரைந்தவர்கள் உயிர் காப்பாற்றத்தான் வரைந்தோம் என்பார்கள். மேட்டு வீட்டில் இருந்த அறுபது வயதுப் பெண்ணைப் பள்ளத்துக்கு அனுப்பியிருக்கிறது அந்த வரைபடம். அதையும் ஒரு நிறத்தில் பூசிக் காட்டட்டும்.

7

மறுபரிசோதனைக்கு டிசம்பரில் வந்தார்கள். மழை விட்ட ஒரு பிற்பகல். எனக்கு இங்கே காலை, வேலையில்லாத நாள். ரிஸ்னா வந்து நின்று தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நானும் சமீமாவும் ஹனாவும் மேசையில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். வளவில் கரண்டைக்கால் அளவுக்குத் தண்ணீர். வந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவர் கையில் கோப்பு. இளையவர் கையில் அளவுகோல். இருவரும் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள்.

மூத்தவர் வாசலில் நின்ற மச்சானைப் பார்த்து, "உரிமையாளர் நீங்கதானே?" என்றார்.

மச்சான் பலகைக் கதவோரம் ஒதுங்கி நின்றார். "உரிமையாளர் உள்ளுக்கு இரிக்கா. நான் இஞ்ச குடியிரிக்கிற ஆள்."

ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தா. இளையவர் அளவுகோலைத் தண்ணீரில் ஊன்றப் போனார். ராத்தா கையைக் காட்டி மறித்தா.

"இஞ்ச தண்ணி நிக்கிற எனக்குத் தெரியும் மகன். அது மறுகா அளக்கலாம். எதால நிக்கிதெண்டு முதல்ல பாக்க வாங்க."

தண்ணீருக்குள்ளால் முன்னே நடந்தா. அவர்கள் பின்னால் போனார்கள், ரிஸ்னா தொலைபேசியோடு அவர்களுக்குப் பின்னால். மண்டபத்தின் மதிலோடு ஒட்டி, கிறவல் திட்டுக்குக் கீழே, குழாயின் வாய் தெரிந்தது. பாதிக்கு மேல் மண்ணும் வாழை மட்டையும் அடைத்துக் கிடந்தது. இந்தப் பக்கம் வயல் தண்ணீர் குளம்போல் நின்றது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தோணா காலி.

"மண்டபம் இந்தப் பரிசோதனைக்குள்ள வராது உம்மா" என்றார் மூத்தவர்.

"தண்ணிக்கு அது தெரியாதே. அது இதாலதான் போகப் பாக்கிது. அளங்க."

இளையவர் மூத்தவரைப் பார்த்தார். பிறகு குனிந்து குழாயின் அகலத்தை அளந்தார். ஹனா வருட வரிசையாக எடுத்துக் கொடுத்திருந்த படங்களை ரிஸ்னா நீட்டினாள். அவற்றையும் வாங்கிக் கோப்புக்குள் வைத்தார். திரும்பி வந்து வளவிலும் அளந்தார்கள். முழங்காலுக்கு எங்கேயும் கிட்ட வரவில்லை.

கோடு மாறுமா என்று மச்சான் கேட்டார். அதை மேலே உள்ளவர்கள் தீர்மானிப்பார்கள், இப்போது ஒன்றும் சொல்ல முடியாது, அதுவரைக்கும் கட்டக் கூடாது என்றார் மூத்தவர். சொல்லிக்கொண்டே கோப்பிலிருந்து அறிக்கைப் படிவத்தை எடுத்து, பேனையையும் சேர்த்து, பழக்கத்தில் மச்சானிடம் நீட்டினார். மச்சான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ராத்தா படிவத்தை வாங்கினா. கதிரையை வாசலுக்கு இழுத்து, உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடி போட்டு, முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினா. அவர்கள் தண்ணீரில் நின்றார்கள்.

"மழை வாறமாதிரி இரிக்கி. கையெழுத்த வெச்சிட்டு ஆறுதலா வாசிக்கலாமே" என்றார் மூத்தவர்.

"போன முறை அப்படி வெச்ச கையெழுத்தாலதான் நீங்க இண்டைக்கு இஞ்ச நிக்கிறீங்க."

கடைசிப் பக்கம் வந்ததும் ராத்தா நிறுத்தினா. உரிமையாளர் என்ற இடத்தில் மச்சானின் பெயர் ஏற்கெனவே அச்சடித்திருந்தது. ராத்தா பேனையின் மூடியைக் கழற்றி, அந்தப் பெயரின் மேல் நேராக ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே தன் முழுப் பெயரையும் எழுதினா.

"ஐயோ உம்மா, ஃபோர்மில வெட்டித் திருத்தினா ஏத்துக்கொள்ள மாட்டாங்க. அது செல்லாது."

"அப்ப என்ட பேர் போட்டுப் புதுசொண்டு அடிச்சிட்டு வாங்க" என்று ராத்தா படிவத்தை மடித்து அவர் கையில் கொடுத்தா. "நான் இஞ்சதான் இரிக்கன்."